உட்கார்ந்தே கரையும் முதல்



முதலைத் தின்று பிழைக்கிற கடை நிலைக்காது என்பது நாம் அனைவரும் கற்ற பாலபாடம். லாபத்தில் சாப்பிடலாம், முதலில் கை வைக்கக் கூடாது. வருஷக் கடைசியில் ஐந்தொகை போடும்போது முதல் குறைந்திருந்தால் நமக்குத் தூக்கம் வராது. எங்கே போயிற்று, யார் பாக்கி, எந்தச் சரக்கில் நஷ்டம் என்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்துவிடுவோம். ஆனால் நம் உடம்பிலும் ஒரு முதல் இருக்கிறது. சுமார் முப்பது வயது வரை சேர்ந்து, பிறகு சத்தமில்லாமல் கரைந்துகொண்டே வருகிறது. அதற்கு மட்டும் யாரும் ஐந்தொகை போடுவதில்லை. எலும்பைத்தான் சொல்கிறேன்.

வரி, உரிமம், வாடகை, ஆன்லைன் போட்டி என்று எழுத எத்தனையோ இருக்க, மொத்த வியாபாரி எலும்பைப் பற்றி எழுத வந்தது ஏன் என்று கேட்கலாம். நான் டாக்டர் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். ஆனால் எங்கள் தெருவில் கண்ணால் பார்த்த ஒன்று எழுத வைக்கிறது. ஒரு மூத்த வணிகர் தம் கடைப் படியில் கால் இடறி விழுந்தார். பெரிய விழுதல்கூட இல்லை. இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவரால் கடையில் உட்கார முடியவில்லை. பிள்ளைகள் வெளியூரில் வேலையில் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு நடந்த கடையின் ஷட்டர் இறங்கியது. வாடிக்கையும், ஊர் ஊராக இருந்த கடன் பாக்கியும், பேருக்கு இருந்த மதிப்பும் ஒரு படிக்கட்டில் போயின.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பல ஊர்ச் சங்கங்களில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் நடத்த வேண்டும் என்ற பேச்சு அடிபடுகிறது. நோக்கம் நல்லது. ஆனால் முகாமோடு நின்றுவிட்டால் பயன் இல்லை என்பது என் கருத்து. சங்கப் பணத்தைச் செலவழிப்பதானால் உறுப்பினர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கொண்டு முறையான உடற்பயிற்சி கற்றுக்கொடுப்பதற்குச் செலவழிக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நோய் எப்படிப்பட்டது?

ஆஸ்டியோபோரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வதை நாம் எலும்புப் புரை நோய், எலும்பு மெலிவு நோய் என்கிறோம். எலும்பு என்பது கல் மாதிரி ஒரே நிலையில் இருக்கும் பொருள் அல்ல. பழைய எலும்பைக் கரைக்கும் வேலையும் புதிய எலும்பைக் கட்டும் வேலையும் அதற்குள் ஓயாமல் நடக்கின்றன. இளமையில் வரவு அதிகம், செலவு குறைவு. நடுவயதுக்கு மேல் செலவு மிஞ்சுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு முதல் சில ஆண்டுகளில் இந்தச் செலவு மிக வேகமாக நடக்கிறது. உள்ளே வலைப்பின்னலாக இருக்கும் எலும்பு, செல்லரித்த மரம்போல் ஆகிவிடுகிறது.

இதில் பெரிய ஆபத்து, வலி இல்லாமல் வருவதுதான். முழங்கால் தேய்மானம் என்றால் வலிக்கும், ஓடிப்போய்க் காட்டுவோம். இது வலிக்காது. எலும்பு முறிகிற அன்றுதான் தெரியும். அதிகம் முறிவது மூன்று இடங்களில்: மணிக்கட்டு, முதுகெலும்பு, இடுப்பு. முதுகெலும்புக் கட்டை நசுங்குவதில் மூன்றில் இரண்டு பங்கு தெரியாமலே போய்விடுகிறது என்கிறார்கள். வயதானால் கூன் விழுவது சகஜம் என்று நாம் விட்டுவிடுகிறோம். இளமையில் இருந்த உயரத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் அது சகஜம் அல்ல, டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார் என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம்.

இது பெண்களுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைப்பதும் தவறு. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் இந்த வகை எலும்பு முறிவு ஏற்படும் என்று உலக எலும்புப் புரை நோய் அமைப்பு சொல்கிறது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள், புகை பிடிப்பவர்கள், மது அருந்துபவர்கள், தாய் தகப்பனுக்கு இடுப்பு முறிந்தவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு எலும்பின் அடர்த்தி சரியாக இருப்பதுபோல் காட்டினாலும் முறியும் அபாயம் அதிகம். நம் வியாபாரிகளில் சர்க்கரை இல்லாதவர்களை எண்ணிவிடலாம். ஆகவே இதைக் கவனமாகப் படியுங்கள்.

கல்லாவும் எலும்பும்

எலும்புக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு பாரம் ஏற்றுகிறோமோ அவ்வளவுக்குத் தன்னைப் பலப்படுத்திக்கொள்ளும். பாரம் இல்லையென்றால் தேவையில்லை என்று கரைத்துவிடும். யூலியஸ் வூல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892-இலேயே இதை எழுதி வைத்தார். டென்னிஸ் விளையாடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கிற கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடிமனாக இருக்கிறது. விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கிறவர்களுக்கு இடுப்பு போன்ற இடங்களில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை எலும்பு குறைகிறது. அவர்கள் கட்டுமஸ்தானவர்கள், சாப்பாட்டுக்கும் குறைவில்லை. எலும்புக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

இப்போது நம் பிழைப்பைப் பாருங்கள். காலை எட்டரைக்குக் கடை திறந்தால் இரவு ஒன்பதரை வரை கல்லாவில். வெயில் மேலே படாது. குனிந்து சிட்டை எழுதுவது போய், குனிந்து கைப்பேசி பார்ப்பது வந்திருக்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் பையன் கொண்டுவருவான். சரக்கு வந்தால் இறக்க ஆள் உண்டு. அந்தக் காலத்தில் நம் தகப்பன்மார் தாங்களே மூட்டை தூக்கி, தாங்களே தராசு பிடித்து, சைக்கிளில் வசூலுக்குப் போனார்கள். நமக்கு எல்லாமே இருந்த இடத்தில் நடக்கிறது.

2021-இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நியாயமான சட்டம். நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகளின் காலுக்கு ஓய்வு வேண்டும். முதலாளிகளுக்குத்தான் எழுந்து நிற்க ஒரு சட்டம் வர வேண்டும்போல் இருக்கிறது.

நடந்தால் போதாதா?

"தினமும் காலையில் அரை மணி நேரம் நடக்கிறேனே!" என்று பலர் சொல்வார்கள். நடப்பது நல்லது. இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, மனதுக்கும் நல்லது. அதை விட வேண்டாம். ஆனால் பழகிப்போன பாரத்துக்கு எலும்பு மசியாது. வருடக்கணக்காக நடந்து பழகிய உடம்புக்கு அதே நடை புதிய பாரம் அல்ல. தசையை எதிர்த்து வேலை வாங்கும் பயிற்சியும், உடம்பின் எடையைக் கால் தாங்கி நிற்கும் பயிற்சியும் சேர்ந்தால்தான் எலும்புக்கு உறைக்கிறது.

இதற்கு நல்ல சான்று ஒன்று சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த சுமார் நூறு பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு நாள், நாளைக்கு அரை மணி நேரம், எடை தூக்கும் பயிற்சியும் குதித்து இறங்கும் பயிற்சியும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினர் வீட்டிலேயே லேசான பயிற்சி செய்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், எடை தூக்கியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு 1 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது.

3 சதவீதம் என்ன பெரிது என்று நினைக்க வேண்டாம். குறைந்துகொண்டே போகிற கணக்கு நின்று, வரவுப் பக்கம் திரும்பியது என்பதுதான் செய்தி. நம் தொழிலில் 3 சதவீத மார்ஜினில் எத்தனை பேர் குடும்பம் நடத்துகிறோம்!

ஆனால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தப் பெண்கள் ஒவ்வொரு நாளும் பயிற்சியாளரின் கண்முன்னே, சிறிது சிறிதாக எடையைக் கூட்டிச் செய்தவர்கள். இதைப் படித்துவிட்டு நாளைக் காலையில் யாரும் போய்ச் சர்க்கரை மூட்டையைத் தூக்கிவிடாதீர்கள். அங்கேதான் பிசியோதெரபிஸ்டின் வேலை வருகிறது.

பிசியோதெரபி என்றால் கரண்ட் அல்ல

நம் ஊரில் பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது, மெழுகு ஒத்தடம் கொடுப்பது, இடுப்பை இழுத்துக் கட்டுவது என்றுதான் நினைக்கிறோம். பத்து நாள் போய்ப் படுத்து வருவோம், வலி குறையும், விட்டுவிடுவோம். கரண்டும் ஒத்தடமும் வலிக்கு ஆறுதல் தரும். அவற்றால் எலும்பு பலப்படாது. எலும்பு பலப்பட வேண்டுமானால் நாம்தான் உடம்பை அசைக்க வேண்டும். எப்படி அசைப்பது, எவ்வளவு பாரம், எதைத் தொடக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதுதான் நல்ல பிசியோதெரபிஸ்டின் வேலை. அவருக்குக் கொடுக்கும் பணம் படிப்புக்குக் கொடுக்கும் கட்டணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். படிப்பைக் கற்றுக்கொண்டால் ஆயுள் முழுக்க நம்மிடம் இருக்கும்.

முதலில் அவர் நம்மைச் சோதிப்பார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, ஒற்றைக் காலில் எத்தனை நொடி நிற்க முடிகிறது, முதுகை நிமிர்த்திச் சுவரில் சாய்ந்தால் தலை சுவரில் படுகிறதா, ஏற்கெனவே எங்காவது முறிவு உண்டா என்று பார்ப்பார். எலும்பு முறிந்த வரலாறு உள்ளவருக்கு ஒரு விதம், மெலிவு மட்டும் உள்ளவருக்கு ஒரு விதம். இங்கிலாந்தில் 2018-இல் எலும்புப் புரை நோய்ச் சங்கத்தார் வல்லுநர்களைக் கூட்டி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். அதன் சாரம் மூன்று சொல்: பலம், நிலை, நிமிர்வு. எலும்பும் தசையும் பலப்படப் பயிற்சி, விழாமல் நிற்கப் பயிற்சி, முதுகைக் காக்கப் பயிற்சி. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் முழு வைத்தியம்.

கடையிலேயே செய்யக்கூடியவை

கீழே உள்ளவை எளியவை. பெரும்பாலோர் செய்யலாம். ஏற்கெனவே எலும்பு முறிந்தவர்கள், திடீர் முதுகுவலி உள்ளவர்கள், தலைச்சுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

ஒன்று, உட்கார்ந்து எழுதல். ஆடாத நாற்காலியைச் சுவர் ஓரமாகப் போட்டு, கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். பத்துத் தடவை. முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றலாம். தொடையும் இடுப்பும் பலப்பட இதைவிடச் சுலபமான பயிற்சி இல்லை.

இரண்டு, குதிகால் தூக்கல். கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்கி, சில நொடி நின்று, இறக்க வேண்டும். பத்துத் தடவை.

மூன்று, சுவர்த் தள்ளல். சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, மார்பைச் சுவர் அருகே கொண்டுபோய்த் திரும்பத் தள்ள வேண்டும். மணிக்கட்டுக்கும் தோளுக்கும் நல்லது.

நான்கு, ஒற்றைக் காலில் நிற்றல். விரல் நுனியால் மேஜையைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொரு காலிலும் பத்து நொடி. பழகப் பழக நேரத்தைக் கூட்டலாம். பிறகு ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரலோடு ஒட்டிவைத்து, கயிற்றில் நடப்பதுபோல் மேஜையோரமாக நடந்து பழகலாம்.

ஐந்து, முதுகு நிமிர்த்தல். நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் இழுத்து ஒட்டவைப்பதுபோல் ஐந்து நொடி வைத்து விட வேண்டும். ஒவ்வொரு தடவை பில் போட்டு முடித்ததும் ஒன்று செய்தாலும் நாளுக்கு ஐம்பது ஆகிவிடும். குப்புறப் படுத்துத் தலையையும் மார்பையும் சற்றே தூக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு வீட்டில் செய்யலாம்.

இவை சுலபமானதும் அத்தோடு நிற்கக் கூடாது. பத்துத் தடவை சிரமமில்லாமல் செய்ய முடிந்தால் பாரம் போதவில்லை என்று அர்த்தம். அப்போது கையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று எடையைக் கூட்டுவது, ரப்பர் பட்டையைக் கட்டி இழுப்பது என்று பிசியோதெரபிஸ்ட் அடுத்த படிக்குக் கொண்டுபோவார். பலத்துக்கான பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள் போதும். நிலைக்கான பயிற்சியைத் தினமும் செய்யலாம். எலும்பு மெதுவாகக் கட்டும் சரக்கு. பலன் தெரிய ஆறு மாதம், ஓராண்டு ஆகும். பத்து நாள் செய்துவிட்டு லாபம் எங்கே என்று கேட்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

எந்தப் பயிற்சி ஆனாலும் நல்லதுதான் என்று எண்ணுவது ஆபத்து. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மெஹர்ஷீத் சினாகி என்ற பெண் மருத்துவர் 1984-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முதுகெலும்பு மெலிந்த 59 பெண்களில் சிலருக்கு முதுகை நிமிர்த்தும் பயிற்சி, சிலருக்கு முன்னால் குனியும் பயிற்சி, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பிற்பாடு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான் புதிதாக முதுகெலும்பு நசுங்கியிருந்தது. எதுவும் செய்யாதவர்களில் 67 சதவீதம். முன்னால் குனிந்தவர்களிலோ 89 சதவீதம்! சிறிய ஆய்வுதான் என்றாலும் பாடம் பெரிது. தவறான பயிற்சி, பயிற்சியே செய்யாததைவிடக் கெடுதல்.

ஆகவே முதுகெலும்பு மெலிந்தவர்கள், கால் கட்டைவிரலைத் தொடக் குனிவது, படுத்தபடி தலையையும் முதுகையும் தூக்கி வயிற்றைச் சுருக்குவது, இடுப்பை வேகமாகத் திருகுவது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். யோகாசனம் செய்கிறவர்கள் பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தானாசனம் போன்ற குனியும் ஆசனங்களைப் பற்றித் தங்கள் ஆசிரியரிடமும் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் கடையில் இதைவிட மோசமான பயிற்சி ஒன்று தினமும் இரண்டு தடவை நடக்கிறது. அதுதான் ஷட்டர்! இடுப்பை வளைத்துக் குனிந்து, ஒரே மூச்சில் வெட்டி இழுத்துத் தூக்குகிறோம். மெலிந்த முதுகெலும்பு நசுங்க இது ஒன்றே போதும். ஷட்டருக்கு எண்ணெய் போட்டு, சுருளைச் சரிபார்த்து, இலகுவாக ஓடும்படி வையுங்கள். தூக்கும்போது முதுகு நேராக, முழங்காலை மடக்கி, காலின் பலத்தால் எழுங்கள். எண்ணெய் டின்னானாலும் தண்ணீர்க் கேனானாலும் அதே முறைதான். பொருளை உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தூக்கிக்கொண்டே திரும்பக் கூடாது, காலை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். அறுபது தாண்டியவர்கள் அடிக்கடி எடுக்கும் சரக்கைக் கீழ்த்தட்டில் வைக்காமல் இடுப்பு உயரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விழாமல் இருப்பதே பாதி வைத்தியம்

எலும்பு மெலிந்த எல்லோருக்கும் முறிவதில்லை. இடுப்பு முறிவுகளில் பெரும்பாலானவை விழுவதால் வருகின்றன. ஆகவே விழாமல் இருக்கக் கற்றுக்கொள்வது எலும்பைப் பலப்படுத்துவதற்குச் சமம். நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் முதியவர்களுக்கென்று வீட்டில் செய்யும் பயிற்சித் திட்டம் ஒன்றை 1990-களில் வகுத்தார்கள். கால் பலத்துக்கும் நிலைக்கும் சில பயிற்சிகள், வாரம் மூன்று நாள், கூடவே நடை. கற்றுக்கொடுப்பவர் வீட்டுக்கு வந்து சில தடவை பார்ப்பார், அவ்வளவுதான். விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அதில் சேர்ந்தவர்களில் பலர் எண்பது வயதைக் கடந்தவர்கள். எங்களுக்கு வயதாகிவிட்டது, இனி என்ன பயிற்சி என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயிற்சியோடு கடையையும் சரிபார்க்க வேண்டும். சாக்கடை மேல் போட்ட கல் ஆடுகிறதா? படிக்குப் பிடிமானம் உண்டா? வாசலில் கால் துடைக்கப் போட்ட சாக்கு வழுக்குகிறதா? சிந்திய எண்ணெயை உடனே துடைக்கிறோமா? பரணில் ஏற ஆடும் முக்காலியைப் போடுகிறோமா? குடோனில் விளக்கு எரிகிறதா? வீட்டில் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு நாள் வியாபாரத்தில் வரும் காசு. இரத்த அழுத்த மாத்திரையாலும் தூக்க மாத்திரையாலும் சிலருக்குத் தலை சுற்றும். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். கண்ணாடி மாற்ற வேண்டிய கண்ணையும் காலம் கடத்தாமல் காட்ட வேண்டும்.

மாத்திரை, சாப்பாடு, வெயில்

உடற்பயிற்சி இருந்தால் மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முறியும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு மருந்து அவசியம். வாரம் ஒரு மாத்திரை, ஆண்டுக்கு ஓர் ஊசி என்று நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. அந்த வார மாத்திரையை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காப்பியோடு விழுங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் மருந்தால் எலும்பைக் காக்க முடியுமே தவிர, தடுமாறும் காலை அது நிறுத்தாது. இரண்டும் வேண்டும்.

கட்டடம் கட்டச் சிமெண்ட் வேண்டுமே! பெரியவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் கால்சியம் வேண்டும் என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை வந்தது. மளிகைக்காரர்களாகிய நம் கடையிலேயே அது இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம். நூறு மில்லி பாலில் ஏறத்தாழ 120. எள்ளிலும் நிறைய உண்டு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலியிலும் உண்டு. தசைக்குப் பருப்பும் பயறும் முட்டையும் வேண்டும். ஊருக்கெல்லாம் விற்கிறோம், நம் வீட்டு இலையில் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள்.

வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் ஒட்டாது. வெயில் நிறைய உள்ள நம் நாட்டிலேயே அது பலருக்குக் குறைவு. கடைக்குள் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சத்தால் பயன் இல்லை. தோலில் நேரே பட வேண்டும். இளவெயிலைவிட வெயில் ஏறிய நேரத்தில்தான் அந்தச் சத்து நன்றாக உண்டாகிறது. குறைவு எவ்வளவு என்று இரத்தத்தில் பார்த்து, மருந்தை டாக்டர் சொன்ன அளவில் மட்டும் சாப்பிட வேண்டும்.

முகாமைப் பற்றி ஒரு வார்த்தை

இலவச முகாம்களில் பெரும்பாலும் குதிகாலை ஒரு கருவியில் வைத்துப் பார்க்கிறார்கள். அது அல்ட்ராசவுண்ட் முறை. ஏதோ ஒரு கோடி காட்டும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த அளவுகோலுக்கு உரிய பரிசோதனை, இடுப்பிலும் முதுகெலும்பிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் டி-ஸ்கோர் கழித்தல் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப் புரை நோய். கழித்தல் 1-க்கும் 2.5-க்கும் நடுவில் இருந்தால் மெலிவு. பொதுவாகப் பெண்களுக்கு 65 வயதிலும் ஆண்களுக்கு 70 வயதிலும், முன்சொன்ன அபாயங்கள் உள்ளவர்களுக்கு அதற்கு முன்னும் எடுக்கச் சொல்கிறார்கள்.

முகாமில் சீட்டுக் கொடுப்பார்கள். அதில் சிவப்பு எழுத்தில் ஓர் எண் இருக்கும். வீட்டுக்கு வந்து பயப்படுவோம், ஒரு கால்சியம் மாத்திரை டப்பா வாங்குவோம், டப்பா தீர்ந்ததும் மறப்போம். சரக்கு இருப்பு எடுத்துவிட்டுக் குறைந்த சரக்கைக் கொள்முதல் செய்யாமல் விட்டால் இருப்பு எடுத்து என்ன பயன்?

சங்கத்துக்கு என் யோசனைகள்

சங்கக் கட்டடம் காலை வேளையில் சும்மாதான் கிடக்கிறது. வாரம் இரண்டு நாள், கடை திறப்பதற்கு முன் ஒரு மணி நேரம், தகுதி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவரை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தலாம். பதினைந்து பேருக்கு மேல் சேர்க்காமல், ஒவ்வொருவரையும் கவனிக்கும்படி நடத்த வேண்டும். பாதிச் செலவு சங்கம், பாதி உறுப்பினர். இலவசமாகக் கொடுத்தால் வர மாட்டோம், பணம் கட்டினால் வந்துவிடுவோம் என்பது வியாபாரிகளுக்குத் தெரிந்ததுதான்.

வீட்டுப் பெண்களுக்குப் பிற்பகலில், வியாபாரம் மந்தமான நேரத்தில் தனி வகுப்பு வைக்க வேண்டும். நமக்கு முன்னால் அவர்களுக்குத்தான் இது தேவை. கடைக் கணக்கையும் பார்த்து வீட்டு வேலையையும் செய்கிற அவர்கள் தங்களுக்கென்று டாக்டரிடம் போவதை நாளை நாளை என்று தள்ளிவிடுகிறார்கள். பெண் பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் தயக்கமின்றி வருவார்கள்.

சுமை தூக்கும் தொழிலாளர்களையும் கடைப் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. முதுகு வளையாமல் தூக்கும் முறையை ஆண்டுக்கு இரண்டு முறையாவது அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்கள் முதுகில்தான் நம் மண்டி நிற்கிறது.

அக்டோபர் 20 உலக எலும்புப் புரை நோய் நாள். முகாம் வைக்க ஆசைப்பட்டால் அன்று வைக்கலாம். ஆனால் முகாமில் பெயர் கொடுத்தவர்களை அடுத்த வாரமே பயிற்சி வகுப்பில் சேர்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து, எத்தனை பேர் தொடர்ந்து வந்தார்கள், எத்தனை பேர் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறார்கள் என்று இந்த இதழிலேயே கணக்குக் காட்ட வேண்டும்.

பேரணி, மாநாடு, ஆண்டு விழா, பொன்னாடை என்று நாம் செய்யும் செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகும். ஒரே ஓர் உறுப்பினருக்கு ஒரே ஓர் இடுப்பு முறிவைத் தடுத்தாலும் போட்ட பணம் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குடும்பத்துக்கு மிச்சமாவது ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் அல்ல, திறந்திருக்கும் ஒரு கடை.

அடுத்த செயற்குழுவில் இதை ஒரு தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இதே இதழுக்கு எழுதலாம். எழுதி முடித்ததும் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள். முடிகிறவர்கள் தொடருங்கள். முடியாதவர்கள் இன்றே தொடங்குங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்.